தீர்ப்புக்கு முன்னே தண்டனையா?

சிறைச்சாலையின் வாயிலிலே ஒரு தாய் நிற்கிறாள். அவள் கையிலே ஒரு துணிப்பை. பைக்குள்ளே மகனின் வைத்தியசாலைக் கிளினிக் கொப்பியும், ஒரு மாதத்துக்கு வேண்டிய குளிசைகளும். "இரவுக் குளிசை இல்லாவிட்டால் அவனுக்கு நித்திரை வராது ஐயா, இதை எப்படியாவது அவனிடம் சேர்த்துவிடுங்கோ" என்று வாயிற்காவலனிடம் மன்றாடுகிறாள். சிறை வைத்தியரின் அனுமதியின்றி வெளிமருந்தை உள்ளே விட முடியாது என்கிறான் காவலன். அவன்மீது குற்றமில்லை, விதி அப்படி. வைத்தியர் எப்போது வருவார்? அது காவலனுக்குத் தெரியாது. தாய் பையோடு திரும்பி நடக்கிறாள். மகன் மதிலுக்கு அப்பால் இருக்கிறான். எந்த நீதிமன்றமும் அவனுக்கு இன்னும் தண்டனை விதிக்கவில்லை. ஆனால் தண்டனை தொடங்கிவிட்டது!

இவள் எந்த ஊர்த் தாய் என்று கேட்க வேண்டா. பருத்தித்துறையாயினும் பதுளையாயினும், மன்னாராயினும் மட்டக்களப்பாயினும், எந்த ஊருக்கும் பொருந்தக்கூடிய காட்சி இது. நம் வீட்டுக் கதவைத் தட்டும்வரை நாம் காணாதிருக்கும் காட்சியும் இதுவே.

இன்று நாம் கூற விழைவது ஒன்றுதான். ஒருவனை அடைத்துவைக்கும் உரிமையை எடுத்துக்கொண்ட அரசு, அவனது உடலை மட்டுமன்றி உள்ளத்தையும் காக்கும் கடமையை ஏற்றுக்கொண்டதாகும். அக்கடமையை ஆற்ற இயலாதெனின், உளநோயாளி ஒருவனைச் சிறையில் வைத்திருக்கும் உரிமையும் அதற்கில்லை.

மறியற்காரர் யாவர்?

"மறியற்காரன்" என்ற சொல் காதில் விழுந்ததும் கொலைகாரன், கொள்ளைக்காரன் என்றே நம் மனம் எண்ணுகிறது. உண்மை அதுவன்று. அண்மைய ஆண்டுகளில் இலங்கைச் சிறைகளில் இருந்தோரில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் தீர்ப்புப் பெறாதவர்கள்; விளக்கத்தை எதிர்பார்த்து மறியலில் வைக்கப்பட்டவர்கள். தண்டனை பெற்று உள்ளே போவோரிலும் பெருந்தொகையினர், குற்றப்பணம் கட்ட வழியில்லாத காரணத்தால் சிறை சென்ற ஏழைகள்.

குற்றவாளியென நிரூபிக்கப்படும்வரை ஒவ்வொருவரும் குற்றமற்றவரெனவே கொள்ளப்பட வேண்டும் என்று 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அதன் 13ஆம் உறுப்புரையிற் கூறுகிறது. அதே உறுப்புரை இன்னொன்றையும் கூறுகிறது: விசாரணை முடியுமுன் ஒருவரைக் காவலில் வைத்திருப்பது தண்டனையாகாது. அரசியலமைப்பின் இவ்வாசகத்தைச் சிறை மதிலுக்கு உள்ளே கொண்டுசென்று படித்துக் காட்டுங்கள். கேட்பவன் சிரிப்பானா, அழுவானா?

பிணை வழங்குவதே விதி, மறுப்பது விலக்கு என்பது 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டத்தின் கொள்கை. ஆயினும் பிணை கிடைத்தவன் எல்லாம் வெளியே வந்துவிடுகிறானா? இல்லை. கையொப்பமிட இரண்டு பிணைகாரர் வேண்டும்; கிராம சேவையாளரின் சான்றிதழ் வேண்டும்; காசுப் பிணையாயின் காசும் வேண்டும். உறவினர் கைவிட்ட ஒருவனுக்கு இவை எங்கிருந்து வரும்? உறவினராற் கைவிடப்பட்டோர் யாரென்று பார்த்தால், உள்ளம் நோயுற்றவர்களே அவர்களில் முன்னிற்கிறார்கள். ஆகவே, குற்றத்தின் பாரத்தினாலன்றித் துணையின் குறைவினாலேயே உளநோயாளி மற்றவரைவிட நீண்டநாள் மறியலில் கிடக்க நேர்கிறது.

இவர்கள் ஒருசிலர்தாமே என்று தள்ளிவிட முடியாது. 24 நாடுகளைச் சேர்ந்த 33,588 கைதிகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2012இல் வெளியிடப்பட்ட ஒரு கணிப்பு, ஏறத்தாழ இருபத்தைந்து கைதிகளில் ஒருவருக்குக் கடுமையான மனப்பிறழ்வு நோய் இருந்ததைக் காட்டிற்று. ஆண் கைதிகளில் பத்தில் ஒருவரும், பெண் கைதிகளில் ஏழில் ஒருவரும் கடும் மனச்சோர்வு நோயால் வருந்தினர். வெளியுலகில் இந்த அளவு இல்லை. நம் சிறைகளோ அவற்றின் கொள்ளளவைப்போல இருமடங்குக்கு மேற்பட்டோரைத் தாங்கி நின்றவை. இடம் இன்றி, முறைவைத்து உறங்க வேண்டிய கூடத்தில், நலமாக நுழைந்தவனுக்கே மனம் பேதலிக்கும். நோயோடு நுழைந்தவன் கதி என்ன?

மருந்து நின்றால் நிகழ்வது

ஒரு கமக்காரனை எடுத்துக்கொள்வோம். ஐந்து பரப்பு வெங்காயத் தோட்டம் செய்பவன். பல ஆண்டுகளுக்கு முன் அவனுக்குக் காதிலே குரல்கள் கேட்கத் தொடங்கின. அயலார் தன்னை நஞ்சூட்டிக் கொல்ல எண்ணுகிறார்கள் என்று நம்பினான். வைத்தியரிடம் கொண்டுசென்றார்கள். மாதத்துக்கொரு ஊசி, இரவில் ஒரு குளிசை. குரல்கள் அடங்கின. அவன் இறைத்தான், நட்டான், விற்றான். கோயில் திருவிழாவிலே தண்ணீர்ப் பந்தலுக்கு வாளி சுமந்தான். ஊரிலே அவன் நோயாளி என்பதையே பலர் மறந்துவிட்டனர்.

ஒருநாள் வேலிச் சண்டை. கதியாலைப் பிடுங்கினான் என்று அயலவனோடு வாக்குவாதம், வாக்குவாதம் கைகலப்பாயிற்று, அயலவன் மண்டையிலே காயம். பொலிசார் வந்தார்கள், நீதவான் முன் நிறுத்தினார்கள், பதினான்கு நாள் விளக்கமறியல். தவணைக்கு மேல் தவணை. இடையிலே கிளினிக் நாள் வந்தது, போயிற்று. ஊசி ஏற்றப்படவில்லை.

ஊசியின் பயன் ஒரேநாளில் அற்றுப்போவதன்று. கிணற்று நீர் கோடையிலே இறங்குவதுபோல வாரம் வாரமாக அது வடிகிறது. முதல் இரண்டு வாரமும் அவன் நன்றாகவே இருக்கிறான். ஆகவே எவரும் கவனிப்பதில்லை. பின்னர் நித்திரை குறைகிறது. பின்னர் உணவிலே நஞ்சு கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளுகிறான். பின்னர் நடுச்சாமத்தில் எழுந்து கூவுகிறான். உறக்கம் கெட்ட கூட்டாளிகள் அடிக்கிறார்கள். காவலர் வந்து, "நடிக்கிறான்" என்கிறார்கள். அல்லது மற்றவரிடமிருந்து அவனைக் காப்பதாகச் சொல்லித் தனியறையிற் பூட்டுகிறார்கள். தனிமையிலே குரல்கள் இன்னும் ஓங்குகின்றன.

இது நோயின் வழக்கமான போக்கு. வைத்தியர் எவரைக் கேட்டாலும் சொல்வார். உள்ளே போன அன்றே ஒருவர் அவனிடம், "நீ ஏதேனும் மருந்து எடுக்கிறாயா? எங்கே எடுக்கிறாய்? அடுத்த ஊசி எப்போது?" என்ற மூன்று கேள்விகளைக் கேட்டிருந்தால் இந்தத் துன்பம் முழுவதையும் தவிர்த்திருக்கலாம்.

குடிப்பழக்கம் உள்ளவர்களின் நிலை இதனினும் அபாயமானது. ஆண்டுக்கணக்காக நாள்தோறும் கள்ளோ, சாராயமோ, கசிப்போ குடித்து வந்தவனுக்கு அது திடீரென நின்றுவிட்டால் இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம்; இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையிலே மனக்குழப்பமும் நடுக்கமும் காய்ச்சலும் கண்டு, சுவரிலே பூச்சி ஊர்வதாகக் கூவி, வைத்தியம் இன்றேல் உயிரும் பிரியலாம். இந்த நான்கு நாளும் எங்கே கழிகின்றன? பொலிஸ் நிலையத்திலும், நீதிமன்றக் கூண்டிலும், சிறையின் முதல் இரவுகளிலும். வெறியென்று எண்ணிப் பார்த்திருப்போர் முன்னிலையிலேயே ஒருவன் நோயால் இறந்துபோகக் கூடும்.

தன்னுயிரைத் தானே மாய்க்க முனைவோருக்கும் முதல் நாட்களே கொடிய நாட்கள். மானம் போயிற்று, ஊரிலே தலைநிமிர முடியாது, பிள்ளைகளின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற எண்ணம் புதிதாக அடைபட்டவனைக் கவ்விக்கொள்கிறது. அந்த இரவிலே அவனோடு பேச ஒருவர் வேண்டும். பூட்டு மட்டும் போதாது.

மருந்து என்பதை வள்ளுவர் நான்கு கூறாக வகுத்தார்: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன். அந்நான்கும் கூடினாலே வைத்தியம். சிறைக்குள் நோயுற்றவன் மட்டும் தப்பாமல் இருக்கிறான். தீர்ப்பவன் வந்து போகிறான். மருந்து இருந்தால் உண்டு. அருகிருந்து பேணிய தாயோ வாயிலிலே துணிப்பையோடு நிற்கிறாள்.

சட்டம் கூறுவதும் நடப்பதும்

நம் நாட்டில் உளநோயாளரைப் பற்றிய அடிப்படைச் சட்டம் 1873ஆம் ஆண்டிலே வெள்ளையன் ஆட்சியிற் பிறந்தது. 1956இல் அது திருத்தப்பட்டது. அதனை நீக்கிப் புதியதொரு சட்டம் ஆக்க வேண்டும் என்ற பேச்சு பல்லாண்டுகளாக நடக்கிறது; வரைவுகள் எழுதப்பட்டன; பேச்சு பேச்சாகவே நீண்டது.

குற்றவியல் வழக்கில் அகப்பட்டோருக்கு 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை வழி காட்டுகிறது. எதிரி சித்தசுவாதீனம் இழந்தவர், தம் எதிர்வாதத்தைத் தாமே நடத்த இயலாதவர் என்று நீதவானுக்கு ஐயம் தோன்றுமாயின், வைத்தியரைக் கொண்டு பரிசோதிப்பிக்க வேண்டும். ஐயம் மெய்யாயின் விசாரணையை நிறுத்திவைக்க வேண்டும் என்பது அதன் 374ஆம் பிரிவும் அதனை அடுத்த பிரிவுகளும் கூறும் முறை. இதுவரை நல்லதே. ஆனால் பிணையில் விட முடியாத வழக்காயின், எங்கே வைத்திருப்பது என்ற கேள்வி அமைச்சருக்குப் போகிறது. வைத்தியசாலை எனவும் கூறலாம், சிறை எனவும் கூறலாம் என்று சட்டம் இரண்டுக்கும் இடம்விட்டிருக்கிறது. இந்த இடைவெளியிலேதான் மனிதர்கள் விழுந்து மறைகிறார்கள். விசாரிக்கவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது என்று ஒரு கோவை அலுமாரியில் உறங்கும்போது, அதற்குரிய மனிதன் சிறையிலே உறக்கமின்றி இருக்கிறான். சிறிய குற்றத்துக்கு அகப்பட்டவன், குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் சில மாதத்தில் வெளியே வந்திருப்பான். நோயாளியாக இருந்த குற்றத்துக்கு ஆண்டுக்கணக்கில் உள்ளே இருக்க நேர்கிறது!

2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, நெல்சன் மண்டேலாவின் பெயர் தாங்கிய சிறை விதிகளை ஏற்றது. வெளியே உள்ளவருக்குக் கிடைக்கும் அதே தரமான வைத்தியம் சிறையில் உள்ளவருக்கும் கிடைக்க வேண்டும். உள்ளே வரும் ஒவ்வொருவரையும் கூடிய விரைவில் வைத்தியர் பார்க்க வேண்டும். தனிமைச் சிறையால் நோய் மிகக்கூடிய உளநோயாளரைத் தனிமையில் அடைக்கலாகாது. கடும் உளநோய் உள்ளவர் சிறையிலிருப்பதால் நோய் மிகுமாயின், அவர் சிறையிலேயே இருக்கலாகாது என்று அவ்விதிகள் கூறுகின்றன. உலக அரங்குகளிலே மனித உரிமை பற்றி முழங்கும் நம் ஆட்சியாளர், இவ்விதிகளை வெலிக்கடை வாயிலில் எழுதி ஒட்டத் துணிவார்களா?

2020ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் மகர சிறைச்சாலையில் நடந்ததை நாடு மறந்திருக்கக் கூடாது. கொரோனாத் தொற்று சிறைகளுக்குள் பரவிய காலம். நெரிசலிலே அஞ்சி நின்ற கைதிகள் கிளர்ந்தார்கள். பதினொருவர் உயிரிழந்தனர், நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அப்போது அரச தரப்பிலிருந்து கூறப்பட்ட விளக்கங்களில் ஒன்று, கைதிகள் சிறை மருந்தகத்தை உடைத்து உளநோய் மாத்திரைகளை விழுங்கியதனால் வெறிகொண்டனர் என்பதாகும். அந்த விளக்கத்தை அப்படியே ஏற்றாலும் ஒரு கேள்வி எழவில்லையா? அத்தனை மாத்திரைகள் ஒரு சிறைச்சாலையிலே சேமிக்கப்பட்டிருந்தன என்றால், அவற்றை உட்கொள்ள வேண்டிய நோயாளர் எத்தனை பேர் அங்கே அடைபட்டிருந்தனர்? அவர்களைப் பற்றி எவரும் பேசவில்லை. மாத்திரையைக் குற்றஞ்சாட்ட வாய் திறந்தவர்கள், நோயாளியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

உள்ளத்தின் மொழி

இனி, தமிழ் மக்களாகிய நமக்குச் சிறப்பாக உரிய ஒரு பகுதிக்கு வருவோம்.

சிறை என்றால் என்ன என்பதைத் தமிழினம் பாடப் புத்தகத்திற் படித்து அறியவில்லை. 1983ஆம் ஆண்டு யூலை 25ஆம் 27ஆம் நாட்களில் வெலிக்கடைச் சிறைக்குள் ஐம்பத்து மூன்று தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அரசின் காவலில், அரசின் பூட்டுக்குள் நடந்த கொலை அது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், நீதிமன்றத்தின் முன் வழக்கின்றியே ஒருவரைப் பதினெட்டு மாதம் வரை தடுத்துவைக்க இடமளித்தது. 2022இன் திருத்தம் அதனைப் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தது. அதன் பின்னும் வழக்கு முடியும்வரை மறியல். இவ்வாறு பத்தாண்டுக்கும் மேலாகத் தீர்ப்பின்றிக் கிடந்த தமிழ் இளைஞர் உண்டு. உள்ளே போகும்போது மீசை அரும்பியவன், வெளியே வரும்போது நரை கண்டிருந்தான். தாய் இறந்த செய்தியைச் சிறையிலே கேட்டவர்கள் பலர். அவர்கள் உள்ளத்திலே என்ன நடந்தது என்பதை எவர் கேட்டார்? எந்த மொழியிற் கேட்டார்?

மொழி இங்கே அலங்காரமன்று. கால் முறிந்தவனை மொழி அறியாத வைத்தியரும் பார்த்துக் கட்டுப் போடலாம். காய்ச்சலை அளக்கக் கருவி உண்டு. உள்ளத்து நோயை அளக்கும் கருவியோ பேச்சு ஒன்றே. "நெஞ்சுக்குள்ளே எரியுது", "மனம் ஒரு நிலையிலே இல்லை", "ஆரோ கூப்பிடுகிற மாதிரிக் கிடக்குது" என்று ஒரு கமக்காரன் சொல்லும்போது, அச்சொற்களின் உட்பொருளை அறியாதவர் எவ்வாறு நோயை அறிவார்? மொழிபெயர்க்க இன்னொரு கைதியை அழைத்தால், தான் இறந்துபோக எண்ணுவதை அவன் முன்னிலையில் எவன் சொல்வான்? காவலனை அழைத்தால், அடி வாங்கியதை எவன் சொல்வான்?

தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தம் எழுதிற்று. பெயர்ப்பலகையிலே தமிழ் வேண்டும் என்று நாம் போராடினோம், போராட வேண்டியதே. ஆனால் பெயர்ப்பலகையில் இருக்கும் தமிழைவிட, தென்னிலங்கைச் சிறையொன்றின் வைத்திய அறையிலே இருக்க வேண்டிய தமிழ் அவசரமானது. அங்கே அது இல்லாதபோது இழக்கப்படுவது உயிராக இருக்கலாம்.

எழக்கூடிய தடைகள்

"வெளியே உள்ள ஏழைக்கே மருந்தில்லை, உள்ளே உள்ளவனுக்கு வைத்தியமா?" என்று சிலர் கேட்பர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே வைத்தியசாலைகள் மருந்தின்றித் தவித்ததை நாமும் கண்டோம். கேள்வி நேர்மையானது, ஆகவே நேர்மையாகவே விடை கூறுவோம். வெளியே உள்ள ஏழை, இந்த வைத்தியசாலையில் இல்லையென்றால் இன்னொன்றுக்கு நடக்கலாம். அயலவனிடம் கடன் வாங்கி மருந்துக் கடைக்குப் போகலாம். உள்ளே உள்ளவனுக்குக் கால் இருந்தும் நடக்க வழியில்லை. அவன் கதவை அரசு பூட்டியது; ஆகவே அவன் மருந்துக்கும் அரசே பொறுப்பு. இது சலுகையன்று, கணக்கு.

"நோய் என்று நடித்துத் தப்பிவிடுவார்களே" என்பது அடுத்த தடை. நடிப்போரும் இருக்கலாம். அதனாற்றான் பரிசோதனை வேண்டும் என்கிறோம். எவன் நடிக்கிறான், எவன் நோயாளி என்று பிரித்தறியக் காவலனாற் கூடாது. பயின்ற வைத்தியரால் கூடும். மேலும், வைத்தியம் கொடுப்பதால் வழக்கு அழிந்துபோவதில்லை. அடிபட்ட அயலவனுக்கும் நீதி வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. எதிரி தெளிந்த அறிவோடு கூண்டில் நின்று விடை கூறும்போதே அந்நீதி முழுமை பெறும்.

"பணம் எங்கே?" என்பது மூன்றாவது. இதற்கு மாளிகை கட்ட வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கொள்கையின்படி, வைத்தியம் அங்கொடையிலும் முல்லேரியாவிலும் மட்டும் குவிந்து கிடவாமல் மாவட்டந்தோறும் பரவத் தொடங்கியது. யாழ்ப்பாணத்திலே போதனா வைத்தியசாலையும் தெல்லிப்பழை வைத்தியசாலையும் உளநோயாளரைப் பேணி வந்திருக்கின்றன. மனநல வைத்திய அதிகாரிகள் ஊரூராகச் சென்று கிளினிக் நடத்தும் முறையும் ஏற்பட்டது. அந்தச் சுற்றிலே சிறைச்சாலையையும் ஓர் ஊராக எண்ணிச் சேர்த்துக்கொண்டால் என்ன? யாழ்ப்பாணச் சிறைக்கும் போதனா வைத்தியசாலைக்கும் இடையிலுள்ள தூரம் சைக்கிளிற் சென்றாலும் சில நிமிடமே. தடையாக நிற்பது தூரமன்று. சுகாதாரத் திணைக்களத்தின் கோவைக்கும் சிறைச்சாலைத் திணைக்களத்தின் கோவைக்கும் இடையிலுள்ள மதில்.

நாம் வேண்டுவன

ஆகவே, தெளிவாகக் கூறுவோம்.

முதலாவது, சிறைக்குட் புகும் ஒவ்வொருவரிடமும், புகுந்த இருபத்து நான்கு மணித்தியாலத்துக்குள், அவரவர் மொழியிலே, மருந்து பற்றியும், குடி முதலிய பழக்கம் பற்றியும், உயிரை மாய்க்கும் எண்ணம் பற்றியும் கேட்டு எழுத வேண்டும். இதற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற ஒரு தாதியும் ஒரு தாளும் போதும்.

இரண்டாவது, கிளினிக்கிலே பதிவுபெற்றவனின் ஊசியும் குளிசையும் ஒருநாளும் தவறாதபடி, மாவட்ட மனநல வைத்தியரின் கிளினிக் சிறைக்குள்ளும் நாள் குறித்து நடைபெற வேண்டும்.

மூன்றாவது, உளநோயாளியைத் தனியறையிற் பூட்டும் வழக்கம் ஒழிய வேண்டும். கடும் நோயுற்றவன் காவலோடு வைத்தியசாலைக்கு மாற்றப்பட வேண்டும்.

நான்காவது, சித்தசுவாதீனமற்றவரெனக் காணப்பட்டு விசாரணை நிறுத்தப்பட்ட ஒவ்வொரு வழக்கும் குறித்த காலத்துக்கொரு முறை நீதிபதி முன் கூப்பிடப்பட வேண்டும். மறக்கப்பட்ட கோவை ஒன்றும் இருத்தலாகாது.

ஐந்தாவது, தமிழ் பேசும் நோயாளிக்குத் தமிழ் பேசும் வைத்தியர் வேண்டும். அது இயலாத சிறையாயின், இயன்ற மாகாணத்துக்கு அவனை மாற்ற வேண்டும்.

ஆறாவது, விடுதலையாகிச் செல்பவனின் கையிலே, அவனுடைய கிளினிக்குக்கு ஒரு கடிதமும் சில நாளைக்குப் போதுமான மருந்தும் கொடுத்தனுப்ப வேண்டும். வெறுங்கையோடு அனுப்பப்படுபவன் மீண்டும் அதே வாயிலுக்குத் திரும்பி வருவான்.

நம் பங்கு

அரசைக் குறைகூறிக் கைகழுவிவிட நமக்கும் உரிமையில்லை. இந்த ஏட்டைப் படிப்போரில் சட்டத்தரணிகள் உண்டு, வைத்தியர்கள் உண்டு, ஆசிரியர்கள் உண்டு, கமக்காரர் உண்டு. ஒவ்வொருவருக்கும் செய்யக்கூடியது ஒன்று உண்டு.

சட்டத்தரணிகளே! கட்சிக்காரனைக் கூண்டிலே பார்க்கும்போது அவன் வழக்கை மட்டும் கேளாதீர்கள், மருந்தையும் கேளுங்கள். தாயின் பையிலே இருக்கும் கிளினிக் கொப்பி, சிறை வாயிலுக்குப் போவதற்குமுன் நீதவானின் மேசைக்குப் போகட்டும். முதல்நாளே அதைக் காட்டிப் பரிசோதனையும் பிணையும் கேட்கலாம். கட்டணம் கொடுக்க வழியற்றவனுக்காக ஒரு தவணை எழுந்து நிற்பது உங்கள் தொழிலுக்கு இழுக்கன்று, அழகு.

வைத்தியர்களே! உங்கள் நோயாளி ஒருவர் கிளினிக் நாளில் வராவிட்டால், எங்கே என்று கேட்டு ஆளனுப்புங்கள். மறியலில் என்றால் சிறை வைத்தியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அரைப் பக்கம் போதும்.

கமக்காரப் பெருமக்களே! நம் ஊரிலே நோயாளியை 'விசரன்' என்கிறோம். எதிரியை ஏச வேண்டுமென்றால் 'அங்கொடைக்கு அனுப்ப வேண்டும்' என்கிறோம். அங்கொடை வைத்தியசாலையின் பெயர் 2008இல் தேசிய மனநல நிறுவகம் என மாறியது. நம் வசைமொழி மாறவில்லை. அந்தச் சொல்லுக்கு அஞ்சியே பெற்றோர் நோயை மறைக்கிறார்கள். பொலிசார் கேட்கும்போதும் மறைக்கிறார்கள். மறைத்ததனாலேயே பிள்ளை மருந்தின்றிக் கிடக்கிறான். சொல்லை மாற்றுங்கள். அயலவன் ஒருவன் பிணைகாரரின்றி உள்ளே கிடந்தால் போய்க் கையொப்பமிடுங்கள். ஒரு பகற்பொழுதுதான் செலவு.

இவையெல்லாம் நடக்கக் கூடியனவா என்று ஐயுறுவோருக்கு நம் நாட்டின் சொந்த அனுபவமே சான்று. 1995ஆம் ஆண்டிலே இலங்கையில் இலட்சம் பேரில் நாற்பத்தேழு பேர் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். உலகிலேயே மிகவுயர்ந்த அளவுகளில் ஒன்று அது. நம் தோட்டங்களிலே தெளிக்கப்பட்ட பூச்சிகொல்லிகளே அதற்குக் கருவியாயின. அவ்வாண்டிலே மொனோகுரோட்டபொஸ், மெத்தமிடபொஸ் போன்ற கொடிய நஞ்சுகளும், 1998இல் எண்டோசல்பனும் தடுக்கப்பட்டன. அடுத்த பத்தாண்டுக்குள் அந்தத் தொகை அரைவாசியாகக் குறைந்தது. பயிர் அழிந்துவிடவில்லை, பிள்ளைகள் பிழைத்தார்கள். 1998இலேதான், தற்கொலைக்கு முயன்றவனைக் குற்றவாளியாகக் கொண்ட சட்டப்பிரிவும் தண்டனைக் கோவையிலிருந்து நீக்கப்பட்டது. சாக நினைத்தவனைச் சிறைக்கு அனுப்பிய நாடு, அவனை வைத்தியரிடம் அனுப்பக் கற்றுக்கொண்டது. அன்று கற்றுக்கொண்ட பாடத்தைச் சிறைக்குள்ளும் கொண்டுசெல்வதே மிச்சம்.

மணிமேகலைக் காப்பியத்திலே, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிய கதையை நாம் பள்ளியிலே படித்திருக்கிறோம். பசித்த கைதிகளுக்கு அமுதசுரபியோடு சென்று உணவளித்த அந்த இளந்துறவி, பரிசு வேண்டுமா என்று மன்னன் வினவியபோது, சிறையை அறம் செய்யும் இடமாக்குக என்று மட்டும் கேட்டாள்; சோழன் இசைந்தான். அவ்வளவு பெரிய வரத்தை நாம் இன்று கேட்கவில்லை. சிறை சிறையாகவே இருக்கட்டும். அதன் வாயிலிலே நிற்கும் தாயின் கையிலுள்ள பை உள்ளே போகட்டும். அந்த மருந்தை அறிந்த ஒருவர், மகனின் மொழியிலே பேசி, அதை அவன் கையிற் கொடுக்கட்டும்.

இதனைச் செய்ய மறுக்கும் அரசு, விளக்கமறியல் தண்டனையன்று என்று இனியும் கூறலாகாது.